துக்கம் தடுக்கப்பட்ட தேசத்தின் ரெக்வியம்

கத்தோலிக்கத் திருச்சபையில் இறந்தோருக்காக நிறைவேற்றப்படும் பூசையின் லத்தீன் பிரார்த்தனைகளுக்குப் பல நூற்றாண்டுகளாக ஒரு கிரமம் உண்டு. இறந்தவர்களுக்கு நித்திய இளைப்பாற்றியை வேண்டும் தொடக்கம், இரக்கத்தை இறைஞ்சும் மன்றாட்டு, நடுத்தீர்ப்பு நாளின் கோபத்தை வருணிக்கும் 'தியெஸ் ஈரே' என்ற நீண்ட செய்யுள், அச்செய்யுளின் கடைசியில் கண்ணீரே வடிவாக நிற்கும் 'லாக்ரிமோசா', பின்னர் துதியும் இளைப்பாற்றி வேண்டுதலும் விடுதலை வேண்டுதலும் என்று அது செல்லும். 'ரெக்வியம்' என்று பெயர் பெற்ற இத்தொகுதிக்கு இசையமைத்த மேதைகள் அநேகர். மோஸார்ட் 1791இல் அதை எழுதிக்கொண்டிருந்தபோதே லாக்ரிமோசாவின் எட்டாம் ஆவர்த்தத்தோடு அவருடைய கை ஓய்ந்துவிட்டது. அதற்கு ஏறக்குறைய 190 ஆண்டுகளுக்குப் பின்னர், மோஸார்ட்டின் எழுதுகோல் நின்ற அதே லாக்ரிமோசாவில் தன் ரெக்வியத்தைத் தொடங்கினார் க்ஷிஷ்டோஃப் பெண்டெரெட்ஸ்கி என்னும் போலந்து தேசத்து இசைஞர். முதலில் வரவேண்டியதை முதலிலும், கடைசியில் வரவேண்டியதைக் கடைசியிலும் அவர் எழுதவில்லை. அவருடைய தேசத்தார் எந்த வரிசையில் தங்கள் மரித்தோரை மீட்டெடுத்தார்களோ அந்த வரிசையிலேயே எழுதினார். 'போலந்து ரெக்வியம்' என்று வழங்கும் அந்தப் படைப்பின் சரித்திரத்தை அறிய விரும்புவோர் பாடற்குழுவின் மேடையை விட்டுவிட்டு, பால்டிக் கடற்கரையிலுள்ள ஒரு கப்பல் கட்டும் தளத்தின் வாயிலுக்குத்தான் முதலில் செல்ல வேண்டும்.

1970ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் தேதி, கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு இரண்டு வாரங்கூட இல்லாத ஒரு சனிக்கிழமை மாலையில், மாமிசம் முதலான உணவுப் பொருள்களின் விலையைப் போலந்து சர்க்கார் திடீரென்று உயர்த்தியது. திங்கட்கிழமையன்று கிதான்ஸ்க் நகரத்துக் கப்பல் தளத்துத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி வீதிக்கு வந்தார்கள். அடுத்த சில தினங்களில் கிதான்ஸ்க், கிதீனியா, ஷ்செட்சின், எல்பிளாங் ஆகிய துறைமுகப் பட்டணங்களில் படையும் போலீஸும் ஜனங்களை நோக்கிச் சுட்டன. கிதீனியாவில் 17ஆம் தேதி காலையில், வேலைக்குத் திரும்புமாறு சர்க்கார் விடுத்த அழைப்பை நம்பி ரயிலிலிருந்து இறங்கி வந்தவர்களே குண்டுகளுக்கு இரையானார்கள். நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். ஆளும் கம்யூனிஸ்டுக் கட்சியின் தலைவர் கொமுல்கா பதவியிழந்து, அவரிடத்துக்குக் கியெரெக் வந்தார். ஆயினும் மாண்டவர்களுக்குச் செய்யப்பட்ட அநீதி அவர்களுடைய மரணத்தோடு முடிந்துவிடவில்லை. நள்ளிரவில் வீட்டுக் கதவைத் தட்டி, நெருங்கிய உறவினர் சிலரை மாத்திரம் அழைத்துச் சென்று, ரகசியப் போலீஸாரின் கண்காணிப்பில், விளக்கொளியில் அவசர அவசரமாகப் புதைத்தார்கள். பெற்ற மகனுக்கு வாய்விட்டு அழவும், ஊராரோடு சேர்ந்து ஒரு மெழுகுவத்தி ஏற்றவும் அந்தக் குடும்பங்களுக்கு உரிமையில்லாமல் போயிற்று. ஒரு ராஜ்யம் தன் பிரஜையின் உயிரைப் பறிப்பது பெருங்கொடுமை. பறித்த பிறகு அவனுக்காக அழுவதையும் பறிப்பது அதனினும் நீண்டு நிற்கும் கொடுமை என்றே நான் கருதுகிறேன்.

அந்தத் தொழிலாளர்கள் மறக்கவில்லை. ஒவ்வோராண்டும் டிசம்பர் மாதத்தில், குண்டுகள் பாய்ந்த கப்பல் தளத்து இரண்டாம் எண் வாயிலருகே பூக்களோடு சிலர் வருவதும், அவர்களைப் போலீஸார் பிடித்துச் செல்வதும் வழக்கமாயின. 1979இல் அவ்விடத்தில் கூடியவர்களிடம், வேலை நீக்கம் செய்யப்பட்டிருந்த லெக் வலேசா என்ற மின்தொழிலாளி, அடுத்த ஆண்டுக்குள் இங்கே ஒரு நினைவுச் சின்னம் எழாவிட்டால் ஒவ்வொருவரும் ஆளுக்கொரு கல்லைக் கொண்டுவந்து நாமே எழுப்புவோம் என்னும் கருத்துப்படப் பேசினார். அந்த ஓராண்டு முடிவதற்குள் தேசமே குலுங்கிற்று. 1980 ஆகஸ்ட் 14ஆம் தேதி அந்தக் கப்பல் தளத்தில் மூண்ட வேலைநிறுத்தம், ஆகஸ்ட் 31ஆம் தேதி சர்க்காரே இறங்கிவந்து உடன்படிக்கையில் கையெழுத்திடும் வரையில் நடந்தது. சாலிடாரிட்டி என்ற சுதந்திரத் தொழிற்சங்கம் பிறந்தது. ஊதியம் வேண்டும், சங்கம் அமைக்கும் உரிமை வேண்டும் என்ற கோரிக்கைகளுக்குப் பக்கத்தில், 1970இல் இறந்தவர்களுக்கு ஒரு சின்னம் வேண்டும் என்பதையும் அவர்கள் வைத்திருந்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. உடன்படிக்கையான நான்கே மாதங்களுக்குள், கப்பலுக்கு எஃகு வெட்டிய அதே கைகள் 42 மீட்டர் உயரமுள்ள மூன்று சிலுவைகளை வாயிலுக்கெதிரே நிறுத்தின. ஒவ்வொரு சிலுவையின் மேலும் ஒரு நங்கூரம் அறையப்பட்டிருக்கிறது. மாலுமிகளின் நம்பிக்கைக்கு அடையாளமான நங்கூரத்தைச் சிலுவையில் ஏற்றிய அந்தக் கற்பனையை எந்த அரண்மனைச் சிற்பியும் விஞ்சிவிட முடியாது.

1980 டிசம்பர் 16ஆம் தேதி மாலையில் லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனங்களின் முன்னிலையில் அந்தச் சின்னம் திறக்கப்பட்டது. சர்க்கார் பிரதிநிதியும், திருச்சபைத் தலைவர்களும், தொழிற்சங்கத்தாரும் ஒரே இடத்தில் நின்றார்கள். அந்த வைபவத்துக்கென்று இசை வேண்டும் என்று வலேசா பெண்டெரெட்ஸ்கியைக் கேட்டுக்கொண்டிருந்தார்; அதற்கிணங்கவே லாக்ரிமோசா பிறந்தது. ஐந்தாறு நிமிஷங்களுக்குள் அடங்கிவிடும் சிறு படைப்பு அது. ஒரு பெண்குரல் மேலே தனித்து எழ, பாடற்குழு அடியில் அரைச்சுரம் அரைச்சுரமாக இறங்கி விம்முகிறது. அதில் பழிவாங்கும் தொனி இல்லை. கொன்றவன் இன்னான் என்ற சுட்டும் இல்லை. லத்தீன் செய்யுளிலும் அது இல்லை. மனிதன் தீர்ப்புக்காகச் சாம்பலிலிருந்து எழும் அந்தக் கண்ணீர் நாளை மாத்திரம் அச்செய்யுள் கூறுகிறது. யாரையும் பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டாத இந்தப் பழைய பாஷைதான், எதையும் தணிக்கை செய்யக்கூடிய ஓர் ஆட்சியின் கீழ் அவருக்குக் கிடைத்த உறுதியான அரண். எழுநூறாண்டுப் பழமை கொண்ட ஒரு பிரார்த்தனையை எந்தத் தணிக்கை அதிகாரி எந்தக் காரணத்தைச் சொல்லி வெட்டுவான்? ஆனால் அந்த வாயிலின் முன்னே நின்றவர்களுக்கு, அது யாருக்காகப் பாடப்படுகிறது என்பதை ஒருவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்த இடத்தில் பெண்டெரெட்ஸ்கியைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். 1933இல் தெம்பிட்சா என்ற சிற்றூரில் பிறந்து, ஜெர்மானியர் ஆதிக்கத்தின் கீழ்ச் சிறுபிராயத்தைக் கழித்தவர் அவர். 1960இல் 52 தந்தி வாத்தியங்களுக்கென்று அவர் எழுதிய ஒரு படைப்பு, 'ஹிரோஷிமாவில் மாண்டோருக்குப் புலம்பல்' என்ற பெயரோடு உலகமெங்கும் புகழ் பெற்றது. ஸ்வரங்கள் திரண்டு கூட்டமாய் நின்று அலறும் புதுமையை அதில் ஜனங்கள் கேட்டார்கள். எனினும் அந்தப் படைப்புக்கு அவர் முதலில் இட்டிருந்த பெயர், அது நிகழும் கால அளவைக் குறிக்கும் வெறும் எண்ணே. வாசிக்கக் கேட்ட பிறகுதான் அதன் உக்கிரத்தை உணர்ந்து ஹிரோஷிமாவுக்கு அர்ப்பணம் செய்தார். அங்கே நாதம் முதலில் வந்தது, மாண்டவர்கள் பின்னர் வந்தார்கள். 1967இல் அவுஷ்விட்ஸ் முகாமில் இறந்தவர்களுக்காக எழுதிய 'தியெஸ் ஈரே' பிர்கெனாவ் முகாமின் மண்ணிலேயே, நினைவுச் சின்னம் திறக்கப்பட்ட சமயத்தில் ஒலித்தது. இவ்வாறு, துக்கத்தை நோக்கி அவர் பல ஆண்டுகளாக நடந்துவந்துகொண்டே இருந்தார். கிதான்ஸ்கின் வாயிலில்தான் மாண்டவர்கள் முதலிலும் நாதம் பின்னருமாக வந்தது. அந்த மாறுதலே ரெக்வியத்தின் உயிர் என்பது என் துணிபு.

கிதான்ஸ்கில் சின்னம் திறக்கப்பட்டு ஐந்து மாதங்கள் கழித்து, 1981 மே 28ஆம் தேதி கர்தினால் ஸ்டெஃபான் விஷின்ஸ்கி காலமானார். 1948 முதல் போலந்துத் திருச்சபைக்குத் தலைமை தாங்கியவர். 1953 முதல் 1956 வரையில் அந்த ஆட்சியால் சிறைவைக்கப்பட்டிருந்தவர். ஆயுதமில்லாமல் முப்பது வருஷங்களுக்கு மேலாக ஒரு ராஜ்யத்தின் எதிரே நின்றவர். அவருக்கு மகன் போன்றவராகிய போப் இரண்டாம் ஜான் பால், அந்த மாதம் 13ஆம் தேதி குண்டடிபட்டு ரோமாபுரியில் மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தமையால் அடக்கத்துக்கு வர இயலவில்லை. அந்த இறுதிச் சடங்குக்கென்று பெண்டெரெட்ஸ்கி 'அக்னுஸ் தேயி' எழுதினார். உலகின் பாவங்களைச் சுமக்கும் செம்மறியை விளித்து, இறந்தோருக்கு இளைப்பாற்றியை வேண்டும் மூன்றே வாக்கியங்கள் அதன் சாகித்தியம். வாத்தியம் ஒன்றும் இல்லை. மனிதக் குரல்கள் மாத்திரம், எட்டுப் பகுதிகளாகப் பிரிந்து நிற்கின்றன. தாழ்ந்த குரலில், பழைய ஆலயத்துப் பாடலே போலத் தொடங்குகிறது. ஒரு குரல் எடுத்த இழையை மற்றொரு குரல் பற்றிக்கொண்டு சிறிது மேலே இழுக்கிறது. அதை வேறொன்று தொடர்கிறது. ஏறிக்கொண்டே போகும் அந்த வேண்டுதல், இனி ஏறுவதற்கு ஸ்தாயியே இல்லை என்ற இடத்தை அடைந்தவுடன், எட்டுப் பகுதிகளும் ஒன்றோடொன்று இசையாத ஸ்வரங்களில் ஒரே சமயத்தில் வெடித்துக் கதறுகின்றன, உடனே நிசப்தம். பிறகு, ஒன்றுமே நடவாதது போல, முன்னிருந்த தாழ்ந்த குரலில் அதே வேண்டுதல் மறுபடியும் எழுகிறது. ரெக்வியம் முழுவதிலும் எனக்கு மிகவும் உகந்த பகுதி இதுவே. எத்தனையோ வாத்தியங்கள் சேர்ந்து முழங்கியும் பிற பகுதிகள் சில எட்டமாட்டாத ஆழத்தை, எட்டே நிமிஷ அளவில், வெறுங்குரல்கள் எட்டிவிடுகின்றன.

அவ்வாண்டு டிசம்பர் 13ஆம் தேதி ஆட்சித் தலைவராயிருந்த ஜெனரல் யாருசெல்ஸ்கி ராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். டாங்கிகள் பனி மூடிய வீதிகளில் ஓடின; சங்கத் தலைவர்கள் ஆயிரக்கணக்கில் காவலில் வைக்கப்பட்டார்கள்; வூயெக் சுரங்கத்தில் ஒன்பது தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1982 அக்டோபர் 8ஆம் தேதி சாலிடாரிட்டி சட்டப்படியே கலைக்கப்பட்டது. அதற்கு இரண்டாம் நாள், அக்டோபர் 10ஆம் தேதி, ரோமாபுரியில் மாக்சிமிலியன் கோல்பே என்ற போலந்துத் துறவி அர்ச்சியசிஷ்டர் என்று அறிவிக்கப்பட்டார். 1941இல் அவுஷ்விட்ஸில், ஒரு கைதி தப்பியோடியதற்குத் தண்டனையாகப் பத்துப் பேரைப் பட்டினிச் சிறையில் அடைத்துக் கொல்ல முகாம் அதிகாரி தேர்ந்தெடுத்தபோது, மனைவி மக்களை எண்ணிக் கதறிய ஒருவருக்குப் பதிலாகத் தாம் போவதாக முன்வந்தவர் இந்தக் கோல்பே. இரண்டு வாரங்களுக்குப் பின்னும் உயிரோடிருந்தவரை ஆகஸ்ட் 14ஆம் தேதி விஷ ஊசியிட்டுக் கொன்றார்கள். அவர் காப்பாற்றிய மனிதர் 1982இலும் உயிரோடிருந்து அந்தத் திருநாளைத் தம் கண்ணால் கண்டார்.

கோல்பேயின் நினைவோடு பிணைந்தது 'ரெக்கோர்தாரே' என்ற பகுதி. நினைவுகூர்ந்தருளும் என்று இயேசுவை வேண்டுவது அது. இங்கே பெண்டெரெட்ஸ்கி ஒரு காரியம் செய்தார். லத்தீன் சாகித்தியத்தின் நடுவே, போலந்து பாஷையிலேயே பாடப்படும் 'ஷ்வியென்ட்டி போஷே' என்ற மன்றாட்டைப் பின்னினார். கொள்ளைநோய், பஞ்சம், நெருப்பு, யுத்தம் ஆகிய ஆபத்துக் காலங்களிலெல்லாம் அந்நாட்டு ஆலயங்களில் ஜனங்கள் முழந்தாளிட்டுப் பாடுவது அது. குருமார் அறிந்த பாஷைக்குள் குடியானவன் அறிந்த பாஷை இவ்வாறு நுழைகிறது. அந்த மெட்டு முதலில் அடியில் கேட்டும் கேளாமலும் செல்கிறது. பின்னர், பாடற்குழுவின் பெருவெள்ளத்தில் மேலே வருகிறது. அதைக் கேட்கும் போலந்து நாட்டான் எவனும், தன் பாட்டியின் அருகில் நின்று அதைப் பாடிய நாளை நினையாமல் இருக்க முடியாது. ரெக்வியத்தின் முடிவுப் பகுதியிலும் இந்த மன்றாட்டு மீண்டும் வருகிறது.

அடுத்து எழுந்தது, செய்யுளின் உக்கிரமான பாகமாகிய 'தியெஸ் ஈரே'. 1944 ஆகஸ்ட் முதல் தேதி தொடங்கி 63 நாட்கள் நடந்த வார்சா எழுச்சியின் நாற்பதாவது நினைவாண்டுக்கு அது உரியது. ஜெர்மானியப் படைக்கெதிரே தலைமறைவுச் சேனை அந்நகரில் போரிட்டபோது, விஸ்துலா நதியின் மறுகரைக்கு வந்த ரஷ்யப் படை முன்னேறி வரவில்லை. ஒன்றரை லட்சத்துக்குக் குறையாத நகரத்து ஜனங்கள் மாண்டார்கள்; எஞ்சியோர் வெளியேற்றப்பட்ட பின், வெற்று நகரம் வீடுவீடாகத் தகர்க்கப்பட்டது. யுத்தத்துக்குப் பின் வந்த ஆட்சியோ, அந்தச் சேனையில் போரிட்டவர்களையே குற்றவாளிகளாகச் சிறையிலடைத்தது. எனவே, ஊழிக்காலத்து எக்காளத்தையும் தீயையும் வருணிக்கும் அந்தச் செய்யுள் வார்சாவாசிகளுக்குக் கவியின் கற்பனையன்று; அவர்கள் கண்ட வீதியின் காட்சி.

இனி, இவையனைத்திலும் பேச முடியாததாய் இருந்த ஒரு பெயர்: காத்தின். 1940 மார்ச் 5ஆம் தேதி சோவியத் தலைமை பிறப்பித்த உத்தரவின்படி, ஏறக்குறைய 22,000 போலந்து ராணுவ அதிகாரிகளும், போலீஸாரும், கற்றறிந்தோரும் அந்த வசந்த காலத்தில் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் புதைக்கப்பட்ட வனமே காத்தின். 1943இல் ஜெர்மானியர் அந்தக் குழிகளைக் கண்டு வெளியிட்டதும், சோவியத் சர்க்கார் பழியை அவர்கள்மேலேயே சுமத்தியது. யுத்தத்துக்குப் பின் அந்தப் பொய் போலந்தின் அரசாங்கச் சத்தியமாகிவிட்டது. 1977இல் வெளிநாட்டுக்குக் கடத்தப்பட்டு வெளியான போலந்துத் தணிக்கைத் துறையின் விதிகளில் ஒன்று இதன் கொடூரத்தை நன்கு காட்டும்: ஒருவர் காத்தினில் இறந்தார் என்று எழுதலாம், ஆனால் இறந்த தேதி குறிப்பிடப்படுமானால், அது 1941 ஜூலைக்குப் பிற்பட்டதாகவே இருக்கவேண்டும். ஜெர்மானியர் அந்தப் பிரதேசத்தைப் பிடித்தது அக்காலத்தில் ஆகையால், தேதியொன்றே கொலையாளியை மாற்றிவிடும். தகப்பனை இழந்த மகன், தகப்பன் இறந்த வருஷத்தைக்கூட அச்சில் உண்மையாய்க் குறிக்கலாகாது. நித்திய மரணத்திலிருந்து விடுதலை வேண்டும் 'லிபேரா மே' என்ற பகுதியை பெண்டெரெட்ஸ்கி அந்த மகன்களின் தகப்பன்மாருக்காக எழுதினார். சோவியத் சர்க்கார் உண்மையை ஒப்புக்கொண்டது 1990 ஏப்ரல் 13ஆம் தேதி. அதற்குள் அந்தப் பகுதி ஐந்து வருஷங்களுக்கு மேலாகப் பாடப்பட்டு வந்துவிட்டது.

ஆம், 1984 செப்டம்பர் 28ஆம் தேதி, ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில், பாகங்கள் கிரமப்படி சேர்க்கப்பட்டு ரெக்வியம் அரங்கேறிற்று. வாத்தியக் குழுவையும் பாடற்குழுக்களையும் நடத்தியவர் ம்ஸ்தீஸ்லாவ் ரொஸ்த்ரபோவிச். உலகப் புகழ்பெற்ற செல்லோ வித்துவானாகிய அவர், ஆட்சியை எதிர்த்த எழுத்தாளர் சோல்செனிட்சினுக்குத் தம் வீட்டில் இடங்கொடுத்ததால் தேசத்தின் கோபத்துக்கு ஆளாகி, 1978இல் சோவியத் பிரஜா உரிமையையே இழந்தவர். அவருடைய மனைவியாகிய கலீனா விஷ்னேவ்ஸ்கயா, 1962இல் இங்கிலாந்தின் காவென்ட்ரி தேவாலயத்தில் பிரிட்டன் என்ற ஆங்கில இசைஞரின் 'யுத்த ரெக்வியம்' அரங்கேறியபோது, தமக்கென்றே எழுதப்பட்ட பகுதியைப் பாடுவதற்குப் போகவிடாமல் சோவியத் அதிகாரிகளால் தடுக்கப்பட்டவர். சோவியத் சர்க்காரால் கொல்லப்பட்ட போலந்து வீரர்களுக்கான துக்கத்தை, போரின் மற்றொரு கட்சியாகிய ஜெர்மானியரின் மண்ணில், ஜெர்மானியப் பாடகர்களின் வாயால், தேசமிழந்த ஒரு ரஷ்யர் பாடச் செய்தார் என்றால், அந்த ஒரு மாலையில் ஐரோப்பாவின் நாற்பதாண்டுச் சரித்திரம் ஒரே மேடையில் அடங்கியிருந்தது என்று சொல்வது மிகையாகாது.

புதுமை விரும்பிகள் பலர் இந்தப் படைப்பை அன்று வரவேற்கவில்லை. ஹிரோஷிமாப் புலம்பலில் சங்கீதத்தின் இலக்கணத்தையே உடைத்தவர், இப்போது பழைய மெட்டுக்கும் பழைய ஸ்ருதிக்கும் திரும்பிவிட்டாரே என்று குறைகூறினர். கால அளவிலும் இது நீண்டது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் செல்வது. சில இடங்களில் தாரைகளும் பேரிகைகளும் கேட்பவனை மூச்சுத் திணறச் செய்கின்றன என்பதை நானும் மறுக்கவில்லை. ஆயினும் அந்தக் குறைகூறல், இப்படைப்பு யாருக்காக உண்டாயிற்று என்பதை மறந்த பேச்சு. மகனை இரவில் புதைத்த தாய்க்கு முன்னே நிற்பவன், அவள் அறியாத பாஷையில் அழலாமா? அவள் முழந்தாளிட்டுப் பாடிய மன்றாட்டைத் தன் சங்கீதத்துக்குள் இடங்கொடுத்து ஏற்றுக்கொள்வதைப் பின்னடைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பணிவு என்றே பெயர்.

ஸ்டுட்கார்டில் பாடப்பட்ட ரெக்வியத்தில் ஒரு பாகம் இல்லை. பரிசுத்தர் பரிசுத்தர் என்று தேவனைத் துதிக்கும் 'சாங்க்துஸ்', பூசையில் இன்றியமையாதது. எனினும் 1984இல் அது எழுதப்படவில்லை. 1989 ஜூன் 4ஆம் தேதித் தேர்தலில் சாலிடாரிட்டி வென்று, அந்த ஆட்சி இரத்தமின்றி வீழ்ந்து, காத்தினின் உத்தரவு 1992இல் மாஸ்கோவிலிருந்து வார்சாவுக்குக் கையளிக்கப்பட்டு, அதற்கும் அடுத்த ஆண்டான 1993 நவம்பரில், ஸ்டாக்ஹோம் நகரில் பெண்டெரெட்ஸ்கி தாமே நடத்திய நிகழ்ச்சியில்தான் அந்தத் துதி முதன்முதலாக ரெக்வியத்தில் சேர்ந்து ஒலித்தது. பிறகும் அவர் இதை முடித்துவிடவில்லை. 2005 ஏப்ரலில் இரண்டாம் ஜான் பால் மறைந்தபோது, அவர் நினைவாகத் தந்தி வாத்தியங்களுக்கு மாத்திரம் ஒரு 'சக்கோன்' எழுதி, அவ்வாண்டு செப்டம்பரில் வ்ரோட்ஸ்வாவ் நகரில் அரங்கேற்றி, அதையும் ரெக்வியத்தோடு சேர்த்தார். கப்பல் தளத்துக் கூலியாளில் தொடங்கிய வரிசை, இருபத்தைந்தாண்டுகளுக்குப் பிறகு, போலந்து ஈன்ற போப்பிடம் வந்து சேர்ந்தது. அவருக்கென்று சேர்த்த அந்தப் பாகத்துக்குச் சாகித்தியம் கிடையாது.